கடை வேறு, வீடு வேறு

ரங்கூன், பபேடான்
11-8-2024

அன்புத் தங்கை சாந்தகுமாரிக்கு,

அண்ணன் சொக்கன் எழுதுவது. முருகன் தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறேன். மகேந்திரன் மாப்பிள்ளைக்குச் சர்க்கரை எந்த அளவில் நிற்கிறது? உனக்கு முதுகு வலி விட்டதா? எழுதவும்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று பஸ் ஓட்டும் சிவராஜிடம் கேட்டாயாம். எனக்குக் காது மந்தமாகிவிட்டது. நீ அங்கே கத்தி, நான் இங்கே கத்தி, நம் குடும்பக் கதையைத் தெரு கேட்க வேண்டாம். அவன் வாராவாரம் மோல்மேனுக்கு வண்டி ஓட்டுகிறான். அவன் கையில் கொடுத்தால் உன் கைக்கு வந்துவிடும்.

இங்கே மழை விடவில்லை. மின்சாரம் விருந்தாளியைப் போல வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறது. திரும்பி வரும் வேகத்தில் மோட்டார்கள் புகைகின்றன. அதனால் எனக்கு மோட்டார் காயில் சுற்றும் வேலைக்குக் குறைவில்லை.

சாப்பாடுதான் சிரமம். தைலம்மாள் மெஸ்ஸை மூடிவிட்டுத் தாமுவேயில் இருக்கும் மகனிடம் போய்விட்டாள். உன் அண்ணி ரத்தினம்மாள் கண்ணை மூடிய பிறகு நான் அடுப்பு மூட்டியதில்லை. இனியும் மூட்டப் போவதில்லை. இப்போது லான்மடாவில் ஒரு கான்டன் சீனர் கடையில் காலையில் கஞ்சி குடிக்கிறேன். சுமாரான கடை. உட்காரக் குட்டை ஸ்டூல். கஞ்சியில் உப்பு இல்லை. நான் சொன்ன மீன் வருவதற்குள் பக்கத்து மேஜைக்காரன் சாப்பிட்டு எழுந்து போய்விடுகிறான். நான் கேட்டு நடக்கிற ஊரா இது.

வேறு செய்தி இல்லை.

இப்படிக்கு,
அண்ணன் சொக்கன்


மோல்மேன்
25-8-2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாந்தா வணங்கி எழுதுவது. அவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. இனிப்பை நான் ஒளித்து வைப்பதால் இறங்கியது. என் முதுகு என்னோடுதான் வரும் போலிருக்கிறது. நீ மழையில் நடக்கும்போது கவனமாக நட.

லான்மடாவில் எத்தனையோ கடைகள் இருக்கின்றன. நீ போய் உட்கார்ந்தது ஆஷா வாழ்க்கைப்பட்ட கடையில். உன் ஒரே மகள் உன் முன்னால் கிண்ணத்தைக் கொண்டு வந்து வைக்கிறாள். அதை எழுதாமல், கஞ்சியில் உப்பு இல்லை என்று எழுதியிருக்கிறாய். சிவராஜ் எல்லாம் சொன்னான்.

அவள் கல்யாணத்துக்கு நீ வரவில்லை. ஆறு வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. தாயில்லாத பெண் என்று நான்தான் போய் நின்றேன். கோ நைங் சீனப் பையன் என்பதற்காக நீ மறுத்தாய் என்று ஊரில் சொன்னார்கள். நான் நம்பவில்லை. நம் தெருவில் பர்மியரையும் சீனரையும் கட்டியவர்கள் வீட்டுக்கெல்லாம் நீ போய்ச் சாப்பிட்டிருக்கிறாய். என்ன காரணம் என்று இன்று வரை எனக்குச் சொன்னதில்லை.

அது கிடக்கட்டும். ஆஷாவோடு பேசினாயா? அதை மட்டும் எழுது.

உன் தங்கை,
சாந்தகுமாரி


ரங்கூன், பபேடான்
22-9-2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. மாப்பிள்ளைக்கு இறங்கியதில் திருப்தி. எனக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார் மருத்துவர். அவர் ஏறியிருக்கிறது என்றுதான் எப்போதும் சொல்வார்.

அவர்கள் வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று நான் சொன்னது உண்மை. ஏறவில்லை. வீடு மாடியில் இருக்கிறது. கடை கீழே இருக்கிறது. தெருவில் போகிற எவனும் கீழே உட்கார்ந்து காசு கொடுத்துச் சாப்பிடலாம். நானும் அப்படித்தான். கடை வேறு, வீடு வேறு.

பேசினாயா என்று கேட்டாய். சாப்பிடப் போகிறவன் வாயைத் திறந்துதானே ஆக வேண்டும். முதல் நாள் நான் பர்மியத்தில், "ஒரு மீன் கஞ்சி, ஒரு ஈச்சாகுவே" என்று சொன்னேன். எண்ணெயில் பொரித்த அந்த நீள ரொட்டியைக் கஞ்சியில் பிய்த்துப் போட்டால் நன்றாயிருக்கும். அவள் தமிழில், "ஈச்சாகுவே வேணாம்ப்பா, எண்ணெய். இட்லி மாதிரி வெந்தது ஏதாச்சும் தரேன்" என்றாள். நான் பர்மியத்தில், "கேட்டதைக் கொண்டு வா" என்றேன். "மாத்திரை போட்டீங்களா?" என்றாள் தமிழில். இப்படித்தான் நடக்கிறது. நான் வாடிக்கையாளன் பேசுகிற மாதிரி பேசுகிறேன். அவள்தான் முறை தவறுகிறாள்.

காரணம் கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன், இதோடு விடு. பெண் கேட்டு கோ நைங்கின் அப்பா ஊ சான் லின் நம் வீட்டுக்கு வந்தார். மரியாதையாக நாற்காலி போட்டேன். ரத்தினம்மாள் இல்லாத வீடு, நானே தேத்தண்ணீர் போட்டு, நானே என் கையால் அவர் கோப்பையில் ஊற்றினேன். அந்த ஆள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் மகன் பெருமையைப் பேசிக்கொண்டே, இரண்டு விரலால் மேஜையில் டொக் டொக் என்று தட்டினார்.

நீ அப்போது கைக்குழந்தை. அப்பாவுக்குத் துறைமுக ஆபீசுக்குச் சாப்பாடு கொண்டு போனவன் நான். அங்கே பெரியவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். மேஜையில் விரலால் தட்டுவார்கள். அப்பா வாயில் வைத்த சோற்றோடு ஓடுவார். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்து, என்னை ஒருவன் அப்படிக் கூப்பிட்டான். அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க முடியாது என்றேன். அவள் போய்விட்டாள்.

புரட்டாசி தொடங்கிவிட்டது. அந்தக் கடையில் மீன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

அண்ணன்,
சொக்கன்


மோல்மேன்
6-10-2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உன் அழுத்தம் எவ்வளவு என்று எண்ணை எழுதாமல் மருத்துவரைக் குறை சொல்லியிருக்கிறாய்.

அப்பாவைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். எனக்கு இது யாரும் சொன்னதில்லை. ஊ சான் லின் ஏன் தட்டினார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததற்கு நான் நியாயம் பேசமாட்டேன். ஆனால் கல்யாணத்தன்று அவர் செய்ததைச் சொல்கிறேன். முன்வரிசையில் ஒரு நாற்காலியைக் கடைசிவரை காலியாக வைத்திருந்தார். அவருடைய சொந்த அக்கா உட்காரப் போனபோது, "அது பெண்ணோட அப்பாவுக்கு" என்று எழுப்பிவிட்டார்.

இன்னொன்று. உன் மீன் ஏன் தாமதமாக வருகிறது தெரியுமா? அந்தக் கடையில் பன்றிக் கொழுப்பில்தான் எல்லாம் தாளிப்பார்கள். நீ அதைத் தொடமாட்டாய் என்று ஆஷா உனக்கென்று ஒரு சட்டியும் கரண்டியும் வாங்கி ஆணியில் தனியாக மாட்டியிருக்கிறாள். நீ வந்த பிறகுதான் அது அடுப்பில் ஏறுகிறது. உப்பு ஏன் இல்லை என்பதை நீயே யோசித்துக்கொள். மற்றவர்கள் கிண்ணத்தில் உப்பு இருக்கிறது.

தீபாவளிக்கு அதிரசம் அனுப்புகிறேன். பாதி ஆஷாவுக்கு. நீயே கொண்டுபோய்க் கொடு.

உன் தங்கை,
சாந்தகுமாரி


ரங்கூன், பபேடான்
10-11-2024

அன்புத் தங்கைக்கு,

அதிரசம் வந்தது. பாகு கொஞ்சம் முற்றிவிட்டது. இருந்தாலும் சாப்பிட்டேன். பாதியைக் கடையில் கல்லாவின் மேல் வைத்துவிட்டு வந்தேன். யார் எடுத்தார்களோ தெரியாது. மாப்பிள்ளை ஒளித்துத் தின்னாமல் பார்த்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம். அங்கே ஒரு கெட்ட வழக்கம், இடம் இல்லையென்றால் முன்பின் தெரியாதவர்களை நம் மேஜையிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். என் எதிரில் ஒரு கிழவரும் அவர் மனைவியும். லத்தாவில் நகைப் பட்டறை வைத்திருந்தவராம். தேநீர்க் கூஜா என் பக்கம் இருந்தது. மூத்தவர்களாயிற்றே என்று அவர்கள் கோப்பையில் ஊற்றினேன். அந்த அம்மாள் தன் கணவரிடம் என்னவோ பேசிக்கொண்டே, இரண்டு விரலால் மேஜையைத் தட்டினாள். கிழவரும் தட்டினார்.

எனக்குக் கண் இருட்டிவிட்டது. கூஜாவை வைத்துவிட்டு, "என்ன, நான் இங்கே வேலைக்காரனா?" என்று கேட்டேன். கிழவர் பதறிப்போய் எழுந்துவிட்டார். "கோவிச்சுக்காதீங்க. நீங்க ஊத்தினீங்க, நாங்க கும்பிட்டோம். வாய்ல சோறு இருக்கும், பேச்சு நடுவுல இருக்கும், அதனால விரல் மண்டி போடும். எங்க கான்டன் ஆளுங்க எல்லாருக்கும் இப்படித்தான்" என்றார். அந்த அம்மாள் தன் விரல்களை மடக்கி, மண்டியிடுவது எப்படி என்று எனக்குக் காட்டினாள்.

பிறகு பார்த்தேன். எல்லா மேஜையிலும் தட்டுகிறார்கள். பையன் அப்பாவுக்குத் தட்டுகிறான், மருமகள் மாமியாருக்குத் தட்டுகிறாள். இவ்வளவு நாள் அந்தச் சத்தத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். காது மந்தம் என்றேனே.

இருக்கட்டும். எனக்கு மோட்டாரும் தமிழ் எழுத்தும் யாரும் சொல்லித் தரவில்லை. நானே கற்றேன். பெண் கேட்டு வருகிறவருக்கு, போகிற வீட்டு வழக்கம் என்ன என்று தானே கற்றுக்கொண்டு வரத் தெரிய வேண்டாமா? தவறு அவர் பக்கம்தான்.

ஊ சான் லின் அன்று கல்லாவிலிருந்து எனக்கு வணக்கம் சொன்னார். நானும் தலையாட்டினேன். கழுத்துப் பிடிப்பு இருந்ததால் அதிகம் ஆட்டவில்லை. கஞ்சியை அன்று பாதியிலேயே வைத்துவிட்டேன். சரியாக வேகவில்லை என்று நினைக்கிறேன்.

அண்ணன்,
சொக்கன்


மோல்மேன்
15-12-2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

அவருக்கும் எனக்கும் உடம்பு பரவாயில்லை. குளிர் வந்துவிட்டது, காதை மூடிக்கொண்டு நட.

உன் கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டினேன். "ஆறு வருஷமாக ஒரு கும்பிடுக்குக் கோபப்பட்டிருக்கிறார் உன் அண்ணன்" என்றார். உன்னைக் கேலி செய்ய இன்னும் நிறைய வைத்திருந்தேன். ஆனால் இப்போது வேறு செய்தி வந்துவிட்டது.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியல் ஆஷாவின் வார்டுக்கும் வந்திருக்கிறது. முப்பத்தைந்து வயது வரை எடுக்கிறார்கள், கோ நைங்குக்கு முப்பத்து மூன்று. இதற்கு மேல் நான் எழுதவும் வேண்டாம், நீ யாரிடமும் பேசவும் வேண்டாம். பொங்கல் கழிந்ததும் இருவரும் புறப்படுகிறார்கள். முதலில் என்னிடம் வந்து ஓரிரு நாள் தங்குவார்கள். பிறகு எல்லை தாண்டி அவனுடைய அத்தையிடம் போகிறார்கள். ஊ சான் லின் வரவில்லை. அடுப்பை விட்டு வரமாட்டேன் என்கிறாராம். எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஆஷா உன்னிடம் நேரில் சொல்லப் பயப்படுகிறாள். அவள் கேட்பது ஒன்றுதான். இத்தனை மாதம் உனக்குப் பரிமாறியிருக்கிறாள். ஒரு நாளும் உன்னோடு உட்கார்ந்ததில்லை. போவதற்கு முன்னால் அப்பாவோடு ஒரு வேளை ஒரே மேஜையில் சாப்பிட வேண்டும் என்கிறாள். மாடிக்கு வந்தால் அவளே தமிழ்ச் சாப்பாடு சமைப்பாளாம்.

உடனே பதில் எழுது அண்ணா.

சாந்தா


மோல்மேன்
5-1-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே? சிவராஜ் மூன்று முறை வந்து போனான். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. கதவைத் தட்டினால் வேலை இருக்கிறது என்று அனுப்பிவிட்டாயாம். கடைக்கும் நீ வரவில்லை என்று ஆஷா அழுகிறாள். இரண்டு வரி எழுது.

சாந்தா


ரங்கூன், பபேடான்
19-1-2025

தங்கை சாந்தகுமாரிக்கு,

நான் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பக்கத்திலேயே டீக்கடை இருக்கிறது, ரொட்டி கிடைக்கிறது. போகிறவர்கள் போகட்டும். போகிற நாளில் வந்து உட்கார்ந்து தின்றுவிட்டு, மறுநாளிலிருந்து நான் எங்கே போய் உட்கார்வது? அதை யாராவது யோசித்தீர்களா? உன்னிடம் சொன்னவளுக்கு, தினமும் எதிரில் வந்து நிற்கும்போது என்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான்.

சொக்கன்


மோல்மேன்
26-1-2025

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

அவள் எப்படிச் சொல்வாள்? நீ பெற்ற மகளிடம் பர்மியத்தில் கஞ்சி கேட்கிறாய். "அப்பா, நான் நாட்டை விட்டுப் போகிறேன்" என்பதை அவள் எந்தக் கிண்ணத்தோடு சேர்த்து வைப்பாள்?

நீ வராத நாள்களிலும் காலையில் அந்தச் சட்டியை இறக்கிக் கழுவி வைக்கிறாளாம். கோ நைங் சிவராஜிடம் சொல்லியிருக்கிறான்.

பிப்ரவரி மூன்றாம் தேதி திங்கட்கிழமை காலை சிவராஜின் பஸ்ஸில் வருகிறார்கள். ஞாயிறு சாயங்காலம்தான் கடைசி. எனக்கு நீ பதில் எழுத வேண்டாம். கால் இருக்கிறது, நடக்கத் தெரியும்.

சாந்தகுமாரி


ரங்கூன், பபேடான்
2-2-2025

அன்புத் தங்கை சாந்தகுமாரிக்கு,

நானும் நலம், இங்கே எல்லோரும் நலம். மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். பதில் எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். நீ சொல்லி நான் எதை நிறுத்தியிருக்கிறேன்.

இன்று சாயங்காலம் பசித்தது. டீக்கடையில் ரொட்டி தீர்ந்துவிட்டது. அதனால் லான்மடாவ் போனேன். கதவை முக்கால்வாசி இறக்கியிருந்தார்கள். குனிந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. வேறு யாரும் இல்லை. என் மேஜையில் உட்கார்ந்து, வழக்கம்போல பர்மியத்தில் மீன் கஞ்சி கேட்டேன்.

ஆஷா தட்டு இல்லாமல் வந்தாள். என் எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன்ப்பா" என்றாள். "எனக்கும் பசிக்குது. சாப்பிட வந்திருக்கேன்."

 தோளில் துண்டோடு கோ நைங் வந்தான். "ஊலே, என்ன வேணும்?" என்று மாமா முறை வைத்துக் கேட்டான்.

"எனக்கு மீன் கஞ்சி. என் மகளுக்கு" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டேன். சாந்தா, அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நம் வீட்டில் இருந்தபோது எது வைத்தாலும் தின்பாள். நான் கேட்டதில்லை. அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லித் தரவில்லை. எனவே இந்த ஆறு மாதத்தில் மற்ற மேஜைகளில் நல்லதாக எதையெல்லாம் பார்த்தேனோ அதையெல்லாம் சொன்னேன். சுட்ட வாத்து, ஆவியில் வேகவைத்த மீன், வறுத்த நூடுல்ஸ், பூண்டு போட்ட கீரை, இறால், இன்னொரு மீன்.

கோ நைங் துண்டை வாயில் வைத்துக்கொண்டான். "ஊலே, ரெண்டு பேருக்கா?"

"ரெண்டு பேருக்கு என்று யார் சொன்னது? நீயும் உட்கார்."

"நான் உட்கார்ந்தா யார் கொண்டு வர்றது?"

"உங்கப்பா கொண்டு வரட்டும். கல்லாவிலேயே உட்கார்ந்து அவருக்குக் கால் மரத்துப் போயிருக்கும்."

ஊ சான் லின் எழுந்து உள்ளே போய், எனக்கென்று ஆணியில் மாட்டியிருந்த சட்டியை இறக்கினார். ஒவ்வொன்றாக அவரே கொண்டு வந்து வைத்தார். கடைசித் தட்டை வைத்துவிட்டுத் துடைத்த மேஜையையே துடைத்துக்கொண்டு நின்றார். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. "சம்பந்தி, ஸ்டூல் காலியாக இருக்கிறது" என்றேன். நாலு பேரும் சாப்பிட்டோம்.  அவர் எனக்கு வாத்தின் தொடையை எடுத்து வைத்தார். நான் மீனின் வயிற்றுப் பக்கத்தை அவருக்கு வைத்தேன். பிறகு, "மாடிக்கு வாங்கப்பா" என்று ஆஷா கேட்டாள். முட்டி வலிக்கிறது என்றேன். போகவில்லை. சொன்ன சொல்லை நான் மாற்றவில்லை என்பதை நீ குறித்துக்கொள்ள வேண்டும்.

நாளையிலிருந்து சம்பந்தி தனி ஆள். காலையில் ஸ்டூல்களை இறக்கிப் போட ஒருவர் வேண்டும். நான் எப்படியும் சீக்கிரம் எழுந்துவிடுகிறேன். அவருடைய மின்விசிறி மோட்டாரும் முனகுகிறது, பார்க்க வேண்டும்.

உனக்கு ஒரு விஷயம். பிள்ளைகள் உன்னிடம் வரும்போது கஞ்சியோ குழம்போ எது வைத்தாலும் இஞ்சியை நறுக்கிப் போடாதே, அரைத்துப் போடு. ஆஷா இஞ்சித் துண்டுகளைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக ஒதுக்குகிறாள். கீரையைத் தண்டோடு தின்கிறாள். மீனின் தலையை மற்றவர்கள் எடுப்பதற்கு முன்னால் எடுத்துக்கொள்கிறாள். இதையெல்லாம் நான் இன்றுதான் பார்த்தேன். இன்னும் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால் இன்னும் சொல்லியிருப்பேன். வழியில் அவளுக்குக் குளிர் ஆகாது, போர்வை கொடு. பையன் நல்ல பையன். சாப்பிடும்போது தன் தட்டைப் பார்ப்பதைவிட அவள் தட்டைத்தான் அதிகம் பார்க்கிறான்.

இந்தக் கடிதத்தை நாளைக் காலை பஸ் நிலையத்தில் சிவராஜிடம் கொடுக்கப் போவதில்லை. ஆஷா கையில் கொடுத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மோல்மேன் வந்து சேரப் பகல் முழுக்க ஆகும். அதற்குள் படித்துவிடுவாள்.

உன் அண்ணன்,
சொக்கன்